தெருக் கேமராவுக்கு அரசுப் பணம் கேட்கும் முன்: வட சென்னைப் பகுதி சபைத் தீர்மானம் குறித்து

பதிவு 1 · தண்டையார்பேட்டை ஓய்வூதியர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வார்டில் அடுத்து நடக்கவிருக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் கோரிக்கை வைக்கும் சபை), தெருக்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்த அரசு நிதி கோரும் தீர்மானம் ஒன்றை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் கொண்டுவருகிறது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியைத் திரட்டிக் கட்டிவிட்டால் மீதியை அரசு ஏற்கும் என்பதும், அது நடக்காவிட்டால் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வரும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் கேட்டுப் பார்க்கலாம் என்பதும் சங்கத்தாரின் எண்ணம். வரைவை வாங்கிப் படித்தேன். எத்தனை கேமரா, எந்தெந்த முனை, எவ்வளவு தொகை என்பவை எல்லாம் தெளிவாக இருக்கின்றன. பொருத்திய பிறகு அவை யாருடைய சொத்து, பழுதானால் யார் சரிசெய்வது, பதிவை யார், எப்போது, யாருடைய அனுமதியுடன் பார்ப்பது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த ஊர் இதை முதன்முறையாகச் செய்யவில்லை என்பதால்தான் கேட்கிறேன். 2016 ஜூன் மாதம் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொலை செய்யப்பட்டபோது நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. அக்கம்பக்கத் தெருவில் தனியார் வைத்திருந்த கேமராக்களின் பதிவைத்தான் காவல்துறை நாட வேண்டியிருந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில், ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்குடன், கடைக்காரர்களையும் சங்கங்களையும் பள்ளிகளையும் சொந்தச் செலவில் கேமரா வைக்கும்படி சென்னை மாநகரக் காவல்துறை கேட்டுக்கொண்டது. மக்களும் தாராளமாகக் கொடுத்தார்கள். 2021இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஒப்பீட்டில், சதுர மைலுக்கு ஏறத்தாழ 610 கேமராக்களுடன் டெல்லிக்கும் லண்டனுக்கும் அடுத்த இடத்தில் சென்னை இருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் தெரு முனையில் வைத்த கம்பத்தை நேற்று நின்று பார்த்தேன். இரும்புப் பெட்டியின் கதவு ஒரே கீலில் தொங்குகிறது. உள்ளே அடாப்டரின் மேல் பல்லி முட்டை இட்டிருக்கிறது. கேமரா தலைகுனிந்து கால்வாய் மூடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நன்கொடையாளர் பெயர்ப் பலகைக்கு மட்டும் யாரோ புதிதாக வர்ணம் அடித்திருக்கிறார்கள். இதன் மேல் இன்னொரு கேமராவை அரசுப் பணத்தில் வைப்பதற்கு முன், என்ன நிபந்தனைகளை எழுத வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் கூட்டத்தில் திருத்தமாகக் கொண்டுவருவேன். கேமரா வேண்டுமா வேண்டாமா என்ற பொதுச் சண்டையை இங்கே தவிர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 2 · எம்.சி. ரோடு ஜவுளிக்காரர்

பெரியவருக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் எங்கள் சாலையில் நடப்பதற்கே இடம் இருக்காது. பணப்பை தொலைந்த பெண்கள் அழுதுகொண்டு வந்து நிற்கும்போது கேமராப் பதிவை ஓட்டிக் காட்டுவதைத் தவிர எங்களிடம் வேறு வழி கிடையாது. ஆகவே, கேமராவால் பயனே இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்கமாட்டேன்.

ஆனால் வியாபாரிகளின் மனக்குறை வேறு. கேமராவை நாங்கள் வாங்கினோம், மின்சாரம் நாங்கள் கொடுக்கிறோம், பழுது பார்ப்பவருக்கும் நாங்களே கொடுக்கிறோம். ஒரு சம்பவம் நடந்தால் கடைப் பையன் ஒருவன் அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் பென் டிரைவில் பதிவு ஏற்றிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை பதிவு சேமிக்கும் வன்தட்டையே (ஹார்ட் டிஸ்க்) காவல்துறையினர் கழற்றி எடுத்துச் சென்றார்கள். அதற்குச் சரியான ரசீதுகூடக் கிடைக்கவில்லை, திரும்பி வரவும் இல்லை, புதிதாக வாங்கிப் போட்டேன். இன்னொரு கடைக்காரர் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு அலைந்ததைப் பார்த்த பிறகு, பக்கத்துக் கடைகளில் பலர் கேமராவைத் தெருவிலிருந்து திருப்பிக் கல்லாவைப் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள்.

அரசு உண்மையிலேயே பணம் தருவதாக இருந்தால் புதுக் கேமராவுக்குத் தர வேண்டாம். ஏற்கெனவே இருப்பதன் ஆண்டுப் பராமரிப்புக்கும் மின்கட்டணத்துக்கும் தரட்டும். எங்கள் சாலையில் திறப்பு விழாவுக்கு வராத பிரமுகர் இல்லை; பழுது பார்க்கும் நாளில் யாரையும் கண்டதில்லை.

பதிவு 3 · கொருக்குப்பேட்டை டெக்னீஷியன்

இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் சில கணக்குகளைச் சொல்கிறேன். தீர்மானத்தில் எழுதப்படும் எந்த நிபந்தனையும் இந்தக் கணக்கில் வந்துதான் முட்டும்.

முதலாவது, பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பது. இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று, இன்றைய சுருக்க முறையில், நொடிக்கு 2 மெகாபிட் அளவில் எழுதினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜி.பி. இடம் பிடிக்கும். எட்டுக் கேமராவுக்கு நாளொன்றுக்கு 173 ஜி.பி. வழக்கமாக விலைப்புள்ளியில் போடுகிற 2 டெராபைட் வன்தட்டு பதினொன்றரை நாளில் நிரம்பி, பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கிவிடும். முப்பது நாள் வைக்க வேண்டுமென்றால் 5.2 டெராபைட் வேண்டும், அதாவது 6 டெராபைட் தட்டு. ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து பூட்டு உடைந்திருப்பதைப் பார்க்கும் குடும்பத்துக்கு அந்தச் சின்னத் தட்டில் ஒன்றும் கிடைக்காது. விலைப்புள்ளியில் 'ஸ்டோரேஜ் உட்பட' என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை கேமரா, என்ன தரம், எத்தனை நாள் என்பதை எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, மின்சாரம். எட்டுக் கேமராவும் அவற்றின் பதிவுக் கருவியான டி.வி.ஆரும் சேர்ந்து 60 வாட் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 86 யூனிட். யாராவது ஒருவர் வீட்டு இணைப்பிலிருந்துதான் இதை எடுப்பார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். முதல் ஆறு மாதம் அந்த வீட்டுக்காரர் பெருமையாகச் செய்வார். பிறகு கணவன் மனைவிக்குள் பேச்சு வரும். ஒருநாள் பிளக் பிடுங்கப்பட்டிருக்கும். நான் போய்ப் பார்க்கும் 'பழுது'களில் கணிசமானவை இப்படிப் பிடுங்கிய பிளக்தான்.

மூன்றாவது, கடல். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்றில் சாதாரண இரும்புத் திருகு ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. தாங்கி துருப்பிடித்துக் கேமரா தலைகுனிவது அதனால்தான். பெரியவர் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்கும். துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியும், அடைப்பு சரியான பெட்டியும் தொகையில் சேர வேண்டும். டி.வி.ஆரைத் தரைத்தளத்தில் வைக்கவே கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் புகுந்த வீடுகளில் முதலில் போனவற்றில் இதுவும் ஒன்று.

கடைசியாக ஒன்று: 2025 ஏப்ரல் 9 முதல், மத்திய அரசு வகுத்த பாதுகாப்புத் தேவைகளின்படி சோதனை முடித்துப் பதிவு பெற்ற கேமராக்களையே இந்தியாவில் விற்கலாம் என்பது விதி. அதற்கு முந்தைய சரக்கை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் இருக்கலாம். அதை விடவும் கேடு கடவுச்சொல். பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்ததை மாற்றாமலே விட்டுவிடுவதும், தெருவில் பாதிப் பேர் கைப்பேசியில் அதைப் பகிர்ந்துகொள்வதும் சாதாரணமாக நடக்கிறது.

பதிவு 4 · பெரம்பூர் ரயில்வே காலனி

அரசு ஏற்கெனவே பாதுகாப்பான நகரத் திட்டத்தில் நிர்பயா நிதியிலிருந்து சென்னைக்கு 425 கோடி ரூபாய் ஒதுக்கியதாகப் படித்தேன். அப்படியிருக்க ஏன் நம்மிடம் வசூல்?

பதிவு 5 · தண்டையார்பேட்டை ஓய்வூதியர்

நல்ல கேள்வி. 2018இல் எட்டுப் பெருநகரங்களுக்கு ஒப்புதலான திட்டம் அது. சென்னைக்கு ஏறத்தாழ 425 கோடி, மத்திய அரசு 60 விழுக்காடு, மாநில அரசு 40 விழுக்காடு. பெண்கள் பாதுகாப்பை மையமாகக் கொண்டது. சந்துபொந்துகளில் கேமரா வேண்டும் என்பது நம் சங்கத்தின் கோரிக்கை, அதற்கு வேறு வழிதான் தேட வேண்டும். ஆனாலும் நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அரசே நேரடியாக வைக்கும் கேமராவுக்கு ஒப்பந்தப்புள்ளி உண்டு, பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு, தணிக்கை உண்டு. சங்கம் வைப்பதற்கு இவை எதுவும் கிடையாது. ஒரு பங்கு பணம் அரசுடையது, ஒரு பங்கு நம்முடையது என்று ஆகும்போது தணிக்கையும் அரைகுறையாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பதிவு 6 · காசிமேட்டுக் கரையோரம்

அண்ணன்மார் எல்லாரும் பணம், தட்டு, திருகு என்று பேசுகிறீர்கள். எங்கள் பகுதியில் ஒரு தெரு எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

எங்கள் சந்தின் அகலம் ஆறடிதான் இருக்கும். ஒற்றை அறை வீடுகள். பாத்திரம் தேய்ப்பதும், தலை வாருவதும், பிள்ளைக்குப் பால் கொடுப்பதும், குழாயடியில் துணி துவைப்பதும் வாசலில்தான். கோடையில் மின்சாரம் போனால் பெண்கள் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். அண்ணா நகரில் தெருவைப் பார்க்கும் கேமரா தெருவை மட்டும் பார்க்கும். எங்கள் சந்தில் தெருவைப் பார்க்கும் கேமரா எங்கள் வீட்டுக்குள்ளே பார்க்கிறது.

முன்பு ஒருமுறை இப்படி வைத்தபோது அதன் திரை ஒரு மளிகைக் கடையில் இருந்தது. கடைக்கு வருகிறவர்களெல்லாம் சாமான் கட்டும் வரை அதைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். எந்தப் பெண் எத்தனை மணிக்கு யாருடன் வந்தாள் என்பது மறுநாள் தெருப்பேச்சாகிவிடும். ஒரு பெண்ணுக்குத் திருமணப் பேச்சு நின்றதே அதனால்தான். யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? சங்கத்தைக் கேட்டால் காவல் நிலையம் சொல்லித்தான் வைத்தோம் என்றார்கள். நிலையத்தில் கேட்டால் அது சங்கத்தின் சொத்து என்றார்கள்.

நகை பறிப்பு எங்களுக்கும் நடக்கிறது, இரவில் போதையில் வந்து கலாட்டா செய்பவர்களும் இருக்கிறார்கள், கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சந்தின் இரண்டு முனைகளிலும் வையுங்கள்; உள்ளே வேண்டாம். குழாயடியையும் பொதுக் கழிப்பறை வாசலையும் எந்தக் கேமராவும் பார்க்கக் கூடாது. திரை கடையில் இருக்கக் கூடாது. எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போது அந்தச் சந்தின் பெண்களைக் கேட்க வேண்டும். சங்கத்தில் இருக்கும் ஆண்களை மட்டும் கேட்டால் போதாது.

பதிவு 7 · ராயபுரம் வழக்கறிஞர்

முந்தைய பதிவை எழுதிய அம்மையார் சொன்ன 'அவரைக் கேள், இவரைக் கேள்' என்பதுதான் சட்டத்திலும் உள்ள ஓட்டை. கேட்கப்பட்டதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பொதுக் கட்டடங்களில் கேமரா வைப்பதைக் கட்டாயமாக்கும் நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் 2012இல் வந்தன. அவை கடை, மருத்துவமனை, வணிக வளாகம் போன்ற கட்டடங்களைப் பற்றியவை. ஒரு குடியிருப்போர் சங்கம் பொதுத் தெருவில் கேமரா வைத்தால் அதை யார் அனுமதிப்பது, யார் கண்காணிப்பது என்று முழுமையாக வகுத்த தனிச் சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. அண்டையில், பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 2013இல் இயற்றப்பட்ட பொதுப் பாதுகாப்புச் சட்டம், நூறு பேருக்கு மேல் கூடும் நிறுவனங்கள் கேமரா வைத்து முப்பது நாள் பதிவைக் காக்க வேண்டும் என்றது. அதுவும் வைக்கும் கடமையைத்தான் பேசுகிறதே ஒழிய, பார்க்கப்படுகிறவரின் உரிமையைப் பேசவில்லை. இங்கிலாந்தில் 2012இல் ஒரு சட்டம் இயற்றி, கண்காணிப்புக் கேமராக்களுக்கென ஓர் ஆணையரை நியமித்து, 2013இல் பன்னிரண்டு வழிகாட்டு நெறிகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார்கள். கேமரா எதற்காக வைக்கப்பட்டது என்பதை முதலில் எழுது என்பதே அதன் முதல் நெறி.

இங்கே நம்மிடம் இருப்பவை சிதறலானவை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அரசு அதில் குறுக்கிட்டால் சட்டத்தின் ஆதாரம், நியாயமான நோக்கம், அளவுக்கு மீறாமை ஆகியவை வேண்டும். அரசுப் பணத்தில் வைக்கும் கேமராவுக்கு இந்த அளவுகோல் பொருந்தும் என்று வாதிட முடியும். ஒரே வளாகத்தில் சேர்ந்து வாழும் இன்னொருவரின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதியில் கேமரா வைக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னதில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அது தெருவைப் பற்றிய வழக்கல்ல என்றாலும், ஆறடிச் சந்துக்கு அதன் தர்க்கம் வெகுதூரத்தில் இல்லை.

அடுத்து 2023ஆம் ஆண்டின் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். தனிநபர் ஒருவர் தம் சொந்த அல்லது குடும்பத் தேவைக்காகச் செய்வதற்கு அச்சட்டம் பொருந்தாது. சங்கம் தனிநபர் அல்ல. அதற்கு இந்த விலக்கு கிடையாது. குற்றத்தைத் தடுக்கவும் துப்பறியவும் தரவைக் கையாள்பவருக்குச் சம்மதம் பெறுவது போன்ற பல கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் தரவைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமையிலிருந்து அப்போதும் விலக்கு இல்லை. அதில் தவறினால் அபராதத்தின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய். கடவுச்சொல்லைத் தெருவில் பாதிப் பேரிடம் கொடுத்து வைத்திருக்கும் சங்கச் செயலாளர் இதைப் படிக்க வேண்டும்.

ஜவுளிக்காரர் குறிப்பிட்ட நீதிமன்ற அலைச்சலுக்கும் காரணம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது அதைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவர் ஒரு சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் 'ஹாஷ்' மதிப்பும் இடம்பெற வேண்டும். நிபுணர் ஒருவர் இன்னொரு பகுதியை நிரப்ப வேண்டும். சங்கத்தில் அதற்கென்று யாரும் நியமிக்கப்படவில்லை என்றால், கொலை வழக்கில்கூடப் பதிவு பயனற்றுப் போகலாம். ஆகவே 'பொறுப்பாளர் யார்' என்பது உரிமை பேசுகிறவர்களின் கேள்வி மட்டுமல்ல, அரசுத் தரப்பு வழக்கறிஞரின் கேள்வியும்கூட.

பதிவு 8 · காவல்துறை ஓய்வு, புளியந்தோப்பு

காவல் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கறிஞர் ஐயா சொன்ன சட்டங்களில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நடைமுறையை மட்டும் சொல்கிறேன். இரவு பதினொரு மணிக்கு ஒரு லாரி ஒருவரை மோதிவிட்டு நிற்காமல் போகிறது என்றால், அடுத்த இரண்டு மணி நேரத்தில் அது எந்தச் சாலையில் திரும்பியது என்று கண்டுபிடித்தால்தான் உண்டு. விடிந்தால் அது எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் வரிசையில் கலந்துவிடும். அந்த நேரத்தில் எழுத்துப்பூர்வக் கோரிக்கை, குழுவின் அனுமதி, பதிவேட்டில் கையெழுத்து என்று நிற்கச் சொன்னால் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? நிபந்தனைகளைக் குவித்தால் சங்கங்கள் கேமராவே வைக்காமல் ஒதுங்கிவிடும்.

பதிவு 9 · ராயபுரம் வழக்கறிஞர்

ஐயா சொல்லும் அவசரம் உண்மையானது. அதற்கு இடம் விட்டுத்தான் எழுத வேண்டும். உயிர் அபாயமோ தப்பி ஓடும் குற்றவாளியோ சம்பந்தப்பட்டிருந்தால் உடனே பார்க்கட்டும், எழுத்துப்பூர்வக் கோரிக்கை மறுநாள் வரட்டும். பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தியதால்தான் வன்தட்டு ரசீதில்லாமல் போகிறது. காவல் நிலையங்களுக்குள்ளேயே கேமரா வைத்துப் பதினெட்டு மாதப் பதிவு, முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டுப் பதிவு காக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மக்களைப் பார்க்கும் கேமராவுக்கு மட்டும் எந்த ஒழுங்கும் வேண்டாம் என்பது சரியாக வராது.

பதிவு 10 · வியாசர்பாடி ஆசிரியர்

பணம் எங்கே பயன்படும் என்பதையும் பேச வேண்டும். நாற்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, கேமரா வைத்த இடங்களில் குற்றங்கள் சராசரியாக 13 விழுக்காடு குறைந்திருப்பதாகச் சொல்கிறது. வாகன நிறுத்தங்களில் பலன் அதிகம். குடியிருப்புப் பகுதிகளிலும் ஓரளவு உண்டு. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. யாரும் நேரடியாகப் பார்க்காமல் வெறுமனே பதிவு செய்துகொண்டிருக்கும் கேமராக்களைவிட, ஆள் வைத்துப் பார்க்கப்படும் கேமராக்களும், தெருவிளக்கு போன்ற பிற ஏற்பாடுகளுடன் சேர்ந்தவையும்தான் அதிகம் உதவின. நம் சங்கங்கள் வைப்பவை எல்லாம் முதல் வகை. அவை குற்றம் நடந்த பிறகு துப்பறியப் பயன்படும்; குற்றத்தைத் தடுக்கும் என்று சொல்லிப் பணம் கேட்பது மிகை. இருட்டுச் சந்தில் ஒரு விளக்குக்கும் ஒரு கேமராவுக்கும் இடையில் தேர்வு செய்யச் சொன்னால் நான் விளக்கைத்தான் கேட்பேன். இருட்டில் மலிவான கேமரா எடுப்பது சாம்பல் நிறப் பேய்களின் படம்தான்.

இன்னொன்று, கூச்சமில்லாமல் சொல்ல வேண்டியது. எங்கள் பகுதி என்றாலே ரவுடி என்று எழுதுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். இங்கே கேமரா வைக்கும்போது அது குடியிருப்பு வாரியக் கட்டடங்களின் வாசலைப் பார்த்தே வைக்கப்படுகிறது. மாலையில் கேரம் ஆடக் கூடும் பிள்ளைகளின் முகம் பதிவாகிறது. தமிழ்நாடு காவல்துறை 2021இல் முக அடையாள மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அந்தத் தளத்தின் கணக்கு ஒன்று திருடப்பட்டுத் தரவு வெளியானதும் செய்தியாக வந்தது. சங்கத்தின் கேமராப் பதிவு எதிர்காலத்தில் எதனுடன் இணைக்கப்படும் என்பதை இன்றைக்கு எழுதி வைக்காவிட்டால், நாளைக்கு அந்தப் பிள்ளை எந்தப் பட்டியலில் இருக்கிறான் என்பது அவனுக்கே தெரியாது.

பதிவு 11 · எம்.சி. ரோடு ஜவுளிக்காரர்

ஆசிரியர் சொல்வது புரிகிறது. ஆனால் முக அடையாளம் கூடாது என்று ஒரு வார்டுத் தீர்மானத்தில் எழுதினால் காவல்துறை கேட்டுக்கொள்ளுமா?

பதிவு 12 · ராயபுரம் வழக்கறிஞர்

காவல்துறையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதைக் கொண்டுவரும் சங்கத்தைக் கட்டுப்படுத்தும். நேரலை இணைப்பைக் கேட்டால் மறுக்கவும், குறிப்பிட்ட சம்பவத்தின் பதிவை மட்டும் எழுத்துப்பூர்வக் கோரிக்கையின் பேரில் தரவும் தீர்மானம் ஒரு பிடிமானம் ஆகும். ஒன்றும் இல்லாத இடத்தில் செயலாளர் தனியாக நின்று மறுக்க வேண்டியிருக்கும், யாரும் மறுக்கமாட்டார்கள்.

அரசு நிதியை வாங்குவதில் ஒரு மறைமுக நன்மையும் உண்டு. அரசு நிதியைக் கணிசமாகப் பெறும் அமைப்புகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், தகவல் தரக் கடமைப்பட்ட அமைப்புகள் எவை என்று வரையறுக்கும் 2(h) பிரிவுக்குள் வருகின்றன. 'கணிசமாக' என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2013இல் சற்றுக் கடுமையான பொருள் கொடுத்திருக்கிறது என்றாலும், மூன்றில் இரண்டு பங்கு அரசுப் பணம் என்றால் வாதத்துக்கு வலு உண்டு. பராமரிப்புச் செலவு, எத்தனை கேமரா ஓடுகிறது, எத்தனை முறை பதிவு கொடுக்கப்பட்டது என்பவற்றைக் கேட்கலாம். கொள்முதலும் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்க வேண்டும்.

பதிவு 13 · தண்டையார்பேட்டை ஓய்வூதியர்

எல்லோருக்கும் நன்றி. படித்துப் பார்த்ததில் என் முடிவு இது: அரசுப் பணம் வந்தால் கேமரா மாநகராட்சியின் சொத்தாக, மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். சங்கம் அதன் பராமரிப்பாளராக மட்டும் இருக்கலாம். இதற்கு மாநகராட்சி ஒப்பவில்லையென்றால் பணத்தை வாங்கவே கூடாது என்று வாதிடுவேன். பொறுப்பில்லாத பணத்தில் வைத்த கம்பம் எங்கள் முனையில் ஏற்கெனவே ஒன்று நிற்கிறது.

திருத்தத்தை இப்படி எழுதியிருக்கிறேன். கோரும் தொகையில் பாதிக்குக் குறையாமல் ஐந்தாண்டுப் பராமரிப்புக்கும் மின்சாரத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும். மின்சாரம் தெருவிளக்கு இணைப்பிலிருந்தே எடுக்கப்பட வேண்டும், எவருடைய வீட்டிலிருந்தும் கூடாது. புதிய கேமரா வைக்கும் முன், ஏற்கெனவே உள்ளவற்றைக் கணக்கெடுத்து ஓடாதவற்றைச் சரிசெய்யவோ அகற்றவோ வேண்டும். பதிவு முப்பது நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் தானாக அழிய வேண்டும். பதிவுக் கருவி பூட்டிய அறையில், மாநகராட்சிக் கட்டடத்தில், தரைத்தளத்துக்கு மேல் இருக்க வேண்டும். கடையிலோ வீட்டிலோ திரை இருக்கக் கூடாது. கடவுச்சொல் இருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் சாட்சியச் சான்றிதழில் கையெழுத்திடும் பொறுப்பாளர், அவருக்கு நீதிமன்றத்துக்குச் சென்றுவரும் செலவு நிதியிலிருந்து தரப்பட வேண்டும். பதிவு கேட்பவர் யாராயினும் பதிவேட்டில் எழுத வேண்டும், அவசரமானால் மறுநாளுக்குள். வன்தட்டைக் கழற்றிக் கொடுப்பதில்லை, நகல் மட்டும் தரப்படும். நீதிமன்ற உத்தரவோ சட்டப்படியான கைப்பற்றலோ இருந்தால் மட்டும் தட்டு ரசீதுடன் தரப்படும். நேரலை இணைப்பும் முக அடையாள மென்பொருளும் இந்த நிதியில் வாங்கப்படக் கூடாது. ஓடும் கேமராக்களின் எண்ணிக்கையும், பதிவு கொடுத்த முறைகளின் எண்ணிக்கையும் ஒவ்வொரு பகுதி சபையிலும் வாசிக்கப்பட வேண்டும்.

பதிவு 14 · காவல்துறை ஓய்வு, புளியந்தோப்பு

வன்தட்டு பற்றிய வரியில் 'சட்டப்படியான கைப்பற்றல்' என்று விட்டது நல்லது. சில வழக்குகளில் மூலத் தட்டே வேண்டும் என்று தடயவியல் துறையில் கேட்பார்கள். அப்படிப் போனால் மாற்றுத் தட்டுக்குத் தொகையில் இடம் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அன்று முதல் அந்தக் கேமரா செத்த கேமராதான். மற்றவற்றை நான் எதிர்க்கவில்லை.

பதிவு 15 · காசிமேட்டுக் கரையோரம்

ஐயா, எல்லாம் இருக்கிறது, எங்கே வைப்பது என்பது மட்டும் இல்லை. குழாயடி, கழிப்பறை வாசல், ஆறடிச் சந்தின் உட்பகுதி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 'தனியுரிமை பேணப்படும்' என்று பொதுவாக எழுதினால் பொருத்த வருகிறவர் ஏணி எங்கே நிற்கிறதோ அங்கே திருகிவிட்டுப் போய்விடுவார்.

பதிவு 16 · தண்டையார்பேட்டை ஓய்வூதியர்

சேர்த்துவிட்டேன், அம்மா. பொருத்தும் முன் ஒவ்வொரு கேமராவும் பார்க்கும் காட்சியை அந்தச் சந்தில் குடியிருக்கும் பெண்களுக்குக் கைப்பேசியில் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்றும், அவர்கள் மறுத்தால் கோணம் மாற்றப்பட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். வீட்டு வாசல் தவிர்க்க முடியாமல் விழும் இடங்களில் காட்சியின் அந்தப் பகுதியை மறைத்துவிட முடியுமா என்று டெக்னீஷியன் தம்பி சொன்னால் அதையும் சேர்க்கலாம்.

பதிவு 17 · கொருக்குப்பேட்டை டெக்னீஷியன்

முடியும் சார். இப்போது வரும் பெரும்பாலான கேமராக்களில் 'பிரைவசி மாஸ்க்' வசதி இருக்கிறது. வாசல் இருக்கும் பகுதியில் கறுப்புக் கட்டம் போட்டுவிட்டால் அது பதிவிலேயே விழாது. கூடுதல் செலவு இல்லை, பத்து நிமிட வேலை. ஆனால் கேமராவிலேயே போட வேண்டும், திரையில் மட்டும் மறைத்தால் பதிவில் அப்படியே இருக்கும். காற்றில் கேமரா அசைந்தால் கட்டம் இடம் மாறிப் பயனில்லாமல் போகும் என்பதால், பராமரிப்புக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விலைப்புள்ளி வந்ததும் எனக்கு அனுப்புங்கள். தட்டின் அளவையும் தாங்கியின் உலோகத்தையும் பார்த்துச் சொல்கிறேன்.